ஈயம் வைத்த கொம்பு

கொம்புக் கூடத்தில் நாற்பத்தொரு பிராணிகள் இருந்தன. எல்லாம் எப்போதோ செத்தவை; பெரும்பாலும் தோல் உரித்துப் பதப்படுத்தி, உள்ளே பஞ்சும் கம்பியும் திணித்துத் தைக்கப்பட்டவை. அருங்காட்சியகத்தைத் தொடங்கிய காலத்து அதிகாரி யாருக்கோ ஒரு கிறுக்கு. பெயரில் கொம்பு இருப்பதையெல்லாம் ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று. அதனால் நுழைந்ததும் கொம்பு ஆந்தை, எதிரே கண்ணாடிப் பெட்டியில் கொம்பு விரியன், மஞ்சளாகிப்போன திரவத்தில் ஊறிக்கொண்டு கொம்புத் தவளை, ஊசியில் குத்திய காண்டாமிருக வண்டுகள் இரண்டு வரிசை, நாற்கொம்பு மான், திருகுகொம்பு மான் என்று போய், கடைசியில் மேடைமேல் இரண்டு காண்டாமிருகங்கள். பெரியது ஒற்றைக்கொம்பு. சின்னது இரட்டைக்கொம்பு, ஆனால் வந்த நாளிலேயே அதன் கொம்புகள் இரண்டும் மரத்தில் செய்தவை. யாரோ வழியிலேயே அறுத்துக்கொண்டு விட்டிருந்தார்கள்.

இவை அத்தனைக்கும் தூசி தட்டியவர்தான் தூசி அண்ணன். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது; வாயில் யாருக்கும் வராது. பதவியின்படி அவர் பழுது பார்ப்பவர். தையல் விட்ட வயிற்றைத் தைப்பது, உதிர்ந்த கண்ணாடிக் கண்ணைத் திரும்ப ஒட்டுவது, வெளுத்த மூக்குக்குச் சாயம் பூசுவது. ஆனால் இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் ஏணிமேல் ஒரு மெலிந்த முதுகும் கையில் ஒரு தூரிகையும்தான்.

அவருக்கு அந்தக் கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரியும். பெயர்தான் கொம்பே தவிர, பாதிக்கு மேல் கொம்பே இல்லை. ஆந்தையின் கொம்பு இரண்டு குத்து இறகு. விரியனுடையது நிமிர்ந்து நிற்கும் செதில். தவளையுடையது கண்ணுக்கு மேலே ஒரு தோல் மடிப்பு. வண்டினுடையது ஓட்டின் நீட்சி. மான்களுக்குத்தான் உள்ளே எலும்பு. காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பு கிடையாது. நகமும் மயிரும் எதனால் ஆனவையோ அதே பொருள், நார் நாராக நெருங்கி இறுகிக் கல்லாகிப்போனது. சுவரில் மாட்டிய பலகையில் காண்டாமிருகத்தின் ஐந்து இனங்களும் வரையப்பட்டிருந்தன. அதில் வெள்ளை என்று பெயர் பெற்றது வெள்ளையில்லை, கறுப்பு என்று பெயர் பெற்றது கறுப்பில்லை, இரண்டும் சாம்பல். இதையெல்லாம் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று ஆரம்ப காலத்தில் அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் பிள்ளைகள் "இது உயிரோட இருக்கா?" என்று கேட்டார்கள். பெரியவர்கள் "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். மூன்றாவது கேள்வி ஒன்று வரவே இல்லை.

வீட்டில் இதைவிட மோசம். மனைவி அவருடைய சட்டையை இரண்டு விரலால் பிடித்துத்தான் வாளியில் போடுவாள். "ஊர்ல எல்லாரும் ஆபீஸ்ல இருந்து வருவாங்க. எனக்கு வாய்ச்சவரு செத்த மாட்டு மேல படுத்துட்டு வராரு" என்பாள். அவளுடைய தம்பி பழைய வண்டிகளை வாங்கி விற்பவன், வாய் ஓயாதவன். "என்ன கொம்புத்துரை, இன்னிக்கு எந்த மிருகம் உங்களைப் பார்த்து எந்திரிச்சு நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். அத்தான் என்ற வார்த்தை அவன் வாயில் கல்யாணத்தன்று ஒருமுறை வந்தது. மகள் ஒருத்தி, கூரியர் அலுவலகத்தில் வேலை. அவள் அப்பாவைக் கிண்டல் செய்வதில்லை, பேசுவதே இல்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அவரும் அதை மறுத்துப் பேசியதில்லை, மறுக்கவும் வாய் வேண்டுமே.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எங்கெங்கோ அருங்காட்சியகங்களில் புகுந்து காண்டாமிருகக் கொம்பை அறுத்துக்கொண்டு போகிறார்கள், மருந்து என்று நம்பி வாங்கப் பைத்தியங்கள் இருக்கின்றன, ஆகவே அசல் கொம்பைக் கழற்றிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, போலி ஒன்று செய்து மாட்டவும் என்று. அருங்காட்சியகத்தின் தலைவரான காப்பாட்சியர் அந்தத் தாளைத் தூசி அண்ணன் கையில் கொடுத்து, "மூணு வாரம். ஏதோ பார்க்கிற மாதிரி இருந்தாப் போதும்" என்றார்.

பார்க்கிற மாதிரி இருந்தால் போதும் என்ற சொல்தான் அவரைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். பின்கட்டுப் பட்டறையில் மூன்று வாரம் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. அசலின்மேல் ரப்பர் அச்சு எடுத்து, அதில் பிசின் ஊற்றி வார்த்தார். கம்பித் தூரிகையால் நார் ஓட்டத்தைக் கீறினார். அடிப்பகுதியில் பிசிறு பிசிறாக நிற்கும் நார்களுக்குப் பழைய தூரிகையின் மயிரை ஒவ்வொன்றாக ஒட்டினார். நிறம் மட்டும் பதினோரு பூச்சு. எல்லாம் முடிந்து கையில் எடுத்துப் பார்த்தபோது லேசாக இருந்தது. கண் ஏமாந்தது, கை ஏமாறவில்லை. இது அவருக்குப் பொறுக்கவில்லை. அடியில் குடைந்து, துப்பாக்கி ரவையைப் போன்ற சின்னச் சின்ன ஈயக் குண்டுகளைப் பிசினில் குழைத்து வைத்து அடைத்தார். பழைய பதிவேட்டில் அசலின் எடை எழுதியிருந்தது: ஒரு கிலோ இருநூற்று நாற்பது கிராம். அதற்கு ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்காத வேலை. இதற்கு அவரிடம் காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மாற்றுகிற நாளில் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து இரண்டு கொம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. தூசி அண்ணன் ஏணியைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். காப்பாட்சியர் விருந்தாளிகளுக்கு வித்தை காட்டும் உற்சாகத்தில் இருந்தார்.

"எது அசல்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தையில்லைங்க. அனுபவம் வேணும், அவ்வளவுதான். இருந்தாலும் நிரூபிச்சுக் காட்டிர்றேன்" என்று ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தார். முள் ஒரு கிலோ இருநூற்று நாற்பதில் நின்றது. "பாருங்க, ரிஜிஸ்டர்ல இருக்கிற அதே எடை. இதுதான் அசல். சீல் வைங்க."

அவர் இன்னொன்றைத் தராசில் வைத்துப் பார்க்கவே இல்லை.

தூசி அண்ணன் ஏணியை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். "சார், அது வந்து..."

"உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? அதிகாரிங்க பேசுறப்ப நடுவுல பேசுறதுக்கு உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? ஏணியைப் பிடிச்சிக்கிட்டு நில்லு."

இரண்டு அதிகாரிகளும் சிரித்தார்கள். கொம்புக் கூடத்தில் நின்று கொம்பு முளைத்திருக்கிறதா என்று கேட்டது அவர்களுக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது. தூசி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈயக்குண்டுக் கொம்பு பெட்டிக்குள் போய், அரக்கு முத்திரை விழுந்து, பெட்டகத்துக்குள் போயிற்று. மத்தியானம் அவர் ஏணியில் ஏறி, அசல் கொம்பை அதே காண்டாமிருகத்தின் மூக்கில் திரும்ப மாட்டினார். முதல் திருகாணியை முடுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். கடைசித் திருகாணி ஏறும்போது சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. அவருடைய வேலைக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு காப்பாட்சியரின் அந்தத் தவறுதான்.

அதன்பிறகு ஆறு வருஷம், காலையில் முதல் வேலையாக அவர் ஒற்றைக்கொம்பனிடம்தான் போவார். உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அங்கே வெட்டவெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கிறது. காப்பாட்சியர் பார்வையாளர்களைக் கூட்டிவந்து, "இது வெறும் போலிங்க, அசல் பத்திரமா உள்ள இருக்கு" என்று விளக்கும்போது ஏணிமேல் இருக்கும் முதுகு கொஞ்சம் குலுங்கும். யாரும் கவனித்ததில்லை.

இந்த வருஷம் துறை ஒரு புதுக் கணக்கெடுப்பை அறிவித்தது. எல்லா அருங்காட்சியகங்களிலும் பூட்டி வைத்த கொம்புகளிலிருந்து துளி மாதிரி எடுத்து எந்த இனம் என்று பதிவு செய்ய வேண்டும். அதற்காக ஓர் ஆய்வாளர் வந்தாள். சின்ன வயசு, பெரிய பை. எல்லார் முன்னாலும் முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்து, கொம்பின் அடியில் மெல்லிய துளைக்கருவியை வைத்து அழுத்தினாள். வெள்ளையாகத் தூள் கொட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். உள்ளிருந்து ஒரு குண்டு வெளியே வந்து, மேசைமேல் உருண்டு, தரையில் விழுந்து, காப்பாட்சியரின் செருப்பருகே போய் நின்றது.

"இது பிளாஸ்டிக்" என்றாள் அவள்.

காப்பாட்சியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பதவியில் இருப்பவர்களுக்கு மூளை அந்த மாதிரி நேரத்தில்தான் வேலை செய்யும். மெல்லத் திரும்பித் தூசி அண்ணனைப் பார்த்தார். "ரெண்டு செஞ்சிருக்கே. ஒண்ணை மேல மாட்டிட்டே. இன்னொண்ணைப் பெட்டியில வச்சுட்டு, அசலைத் தூக்கிட்டே. இல்லை?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். யாருக்கும் பத்தடி தள்ளி மேடைமேல் நின்ற ஒற்றைக்கொம்பனைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் போலி என்று பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறதே.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வரும்: ஆறு வருஷமாகத் தெரிந்தே ஏன் சொல்லவில்லை என்று. 'எனக்குச் சந்தோஷமாக இருந்தது' என்றா சொல்வது? "நான் எடுக்கலை சார்" என்று மட்டும் சொன்னார். அது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. தற்காலிக வேலைநீக்க உத்தரவு ஒரு மணி நேரத்தில் தயாராயிற்று, விசாரணை முடியும்வரை கட்டடத்துக்குள் காலை வைக்கக் கூடாதென்று. நாளைக்கு வந்து நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

செய்தி அவருக்கு முன்னாலேயே வீடு சேர்ந்திருந்தது. வசவுக்குத் தயாராகக் கதவைத் தள்ளினார். மனைவி எழுந்து நின்றாள். எழுந்து நின்றாள் என்பதே அவருக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

"உக்காருங்க. டீ போடவா?" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். "எனக்குக் கூடச் சொல்லலை பாருங்க. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல."

"நான் எடுக்கலைம்மா."

"சரி சரி. நான் கேட்டேனா?" என்று அவசரமாகக் கதவைப் போய்ச் சாத்தினாள்.

அரை மணியில் மச்சான் வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். "அத்தான்" என்றான்.

தூசி அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

"அத்தான், ஒரே விஷயம். யாரு கேட்டாலும் வாயே திறக்காதீங்க."

"நான் நிஜமாவே எடுக்கலைப்பா."

"அதான்! அப்படியேதான் சொல்லணும். அக்கா, பார்த்தியா, கண்ணுல ஏதாச்சும் தெரியுதா? நான்லாம் ஒரு வண்டி விக்கிறதுக்குள்ள பத்துப் பொய்யில மாட்டிக்குவேன். இவரு ஆறு வருஷம்! ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க அத்தான், மரியாதையாத்தான் சொல்றேன்."

இப்படியாக அவர் மறுக்க மறுக்க அவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. எடுக்கவில்லை என்று அவர் குரல் உயர்த்திச் சொன்னால், என்ன உறுதி என்றார்கள். தாழ்த்திச் சொன்னால், என்ன பக்குவம் என்றார்கள். மாடியிலிருக்கும் வீட்டுக்காரர், தண்ணீர் மோட்டாருக்காக வாரம் ஒருமுறை கத்துபவர், படியில் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். மகள் இரண்டாம் நாள் காலை வேலைக்குப் புறப்படும்போது அவரருகே வந்து நின்றாள். "அப்பா, எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்றது உண்மையா இருக்கணும்" என்றாள். நாலைந்து வருஷத்தில் அவள் அவரிடம் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான். "சரிம்மா" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது முதல் நாள் கனமாக இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் இளகியது. மூன்றாம் நாள் மச்சான் கேட்டான்: "அத்தான், தெரியாமத்தான் கேக்கிறேன். போலியை எப்படி அவ்வளவு தத்ரூபமாச் செஞ்சீங்க?"

அவர் வாய் திறந்தார். ரப்பர் அச்சைப் பற்றிச் சொன்னார். பதினோரு பூச்சைப் பற்றிச் சொன்னார். ஈயத்தைப் பற்றிச் சொல்லும்போது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "கொம்பு கொம்புன்னு சொல்றாங்களே, உள்ள எலும்பே கிடையாது தெரியுமா? வெறும் மயிரு. உன் தலையில இருக்கே, அதே சரக்குதான்" என்றார். மச்சான் தன் தலையைத் தடவிக்கொண்டான். அங்கே சரக்கு அதிகமில்லை; எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொல்லிச் சிரித்தார்கள். ஐந்து இனங்களையும் சொன்னார், எதெதற்கு ஒன்று, எதெதற்கு இரண்டு என்று. ஆந்தையை, விரியனை, தவளையைச் சொன்னார். "அப்போ அந்தப் பாம்புக்கு இருக்கிறது கொம்பே இல்லையா?" என்று மகள் கேட்டாள். இருபத்தெட்டு வருஷமாக வராத மூன்றாவது கேள்வி. அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் தன்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தை அன்று முழுக்க அவர் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

நான்காம் நாளும் அப்படியே போனது. ஐந்தாம் நாள் முற்பகல் மச்சான் படியில் இரண்டிரண்டாக ஏறி வந்தான்.

"அத்தான், உங்க ஆட்டம் ஜெயிச்சிருச்சு! இனிமே உங்களைத் தொட மாட்டாங்க. வாசல்ல ஒரு அம்மா நிக்கும்ல, பையைச் சோதிக்கிறது? அதைப் போலீஸ் தூக்கிட்டுப் போயிருச்சு. நேத்துக் காலையிலயே. பெட்டகத்துச் சாவி ஒண்ணு அது பொறுப்புலதானே?"

எடைபோட்டுச் சீல் வைத்தது அசல்தான் என்று பதிவேடு சொன்னதால், பெட்டகத்தைத் திறந்துதான் மாற்றியிருக்க வேண்டும் என்று போலீஸ் கணக்குப் போட்டிருந்தது. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று காப்பாட்சியரிடம், அதை யாரும் சந்தேகிக்கவில்லை. மற்றது வாசல் காவலுக்கு நிற்கும் பெண்ணிடம். வாசலம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். புருஷன் இல்லாதவள். காலையில் அவர் உள்ளே நுழையும்போது, "என்ன அண்ணே, உங்க மிருகமெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பாள். அந்தக் கட்டடத்தில் அவரிடம் நலம் விசாரித்த ஒரே ஆள், அதுவும் மிருகங்களின் நலம்.

"அது வாயிலேருந்து என்னத்தை வாங்கப் போறாங்க? பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் வச்சிருந்து..." என்று மச்சான் பேசிக்கொண்டே இருந்தான். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி. முதல்முறையாக அவள் கண்ணில் ஒரு பயம். "ஏங்க, எங்க போறீங்க? எல்லாம் நல்லபடியாப் போயிட்டிருக்கில்ல?"

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கினார்.

அருங்காட்சியக வாசலில் தடுக்க ஆள் இல்லை; காப்பாட்சியர் அறையில் ஆய்வாளரும் இருந்தாள். தூசி அண்ணன் வாசலில் நின்றே சொன்னார். "அசல் எங்கேயும் போகலை சார். மேல மாட்டியிருக்கிறதுதான் அசல். அன்னிக்கு நீங்க தராசுல வச்சது நான் செஞ்சது."

"உளறாதே."

"ஒரு ஊசியும் மெழுகுவத்தியும் போதும் சார்."

ஏணியை அவரே போட்டார். ஊசியைச் சுடரில் காட்டிச் சிவக்க வைத்து, ஏறி, கொம்பின் அடியில் மெல்லக் குத்தினார். மெல்லிய கோடாகப் புகை எழுந்தது. கீழே நின்றவர்கள் மூக்கைச் சுருக்கினார்கள். முடி பொசுங்கும் நாற்றம். ஆய்வாளர் தானும் ஏறி ஒருமுறை குத்திப் பார்த்தாள், துளைக்கருவியால் துளி எடுத்துப் பார்த்தாள், இறங்கினாள். "இது அசல்தான். மாதிரியை அனுப்பி உறுதிப்படுத்துவேன். ஆனா சந்தேகமே இல்லை" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் போலியைச் செஞ்சது நீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். காப்பாட்சியர் அவளை, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அனுப்பிவிட்டார்.

கதவைச் சாத்தியதும் வசவு வரும் என்று தூசி அண்ணன் எதிர்பார்த்தார். வேலை போகும், வழக்குக்கூட வரலாம். எது வந்தாலும் ஆறு வருஷ விஷயம் இப்போது ஊருக்குத் தெரியும். பெரிய அதிகாரியின் கண்ணையும் கையையும் ஏமாற்றியது ஒரு தூசி தட்டுபவன் என்று தெரியும். அந்த ஒன்றாவது மிஞ்சும்.

காப்பாட்சியர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். முடித்ததும் படித்துக் காட்டினார். பெட்டகத்தைவிடக் கண்முன்னால் இருப்பதுதான் பாதுகாப்பு என்று காப்பாட்சியர் கருதியதால், அவருடைய இரகசிய உத்தரவின்படியே அசல் கொம்பு கூடத்திலும் போலி பெட்டகத்திலும் வைக்கப்பட்டன. பணியாளர் அவ்வுத்தரவை நிறைவேற்றியதோடு இரகசியத்தையும் காத்தார். கணக்கெடுப்பின்போது முன்யோசனையோடு விவரம் வெளியிடப்படவில்லை.

"கையெழுத்துப் போடு. உன் வேலையும் உனக்கு, என் மானமும் எனக்கு."

"இது... இப்படி நடக்கலையே சார்."

"போடலைன்னா விசாரணை அது பாட்டுக்கு நடக்கும். ஒரு மாசம், ரெண்டு மாசம். அந்தம்மா அதுவரைக்கும் உள்ளேதான் இருக்கும். போட்டா இப்பவே போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

தூசி அண்ணன் போட்டார். தன்னுடையதென்று ஆறு வருஷம் வைத்திருந்த ஒரே பொருளை எடுத்து அடுத்தவர் மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். காப்பாட்சியர் அந்தக் கணத்திலேயே நம்பவும் தொடங்கிவிட்டார். "நல்ல யோசனைதான், இல்லை?" என்றார்.

சாயங்காலம் வாசலம்மாவை விட்டார்கள். அவர் காவல் நிலையத்துக்கு வெளியே சுவரோரமாகக் காத்திருந்தார். ஒன்றரை நாளில் அவள் பத்து வயது கூடியிருந்தாள். இடது கையை மடக்கி வயிற்றோடு வைத்திருந்தாள்.

"எல்லாம் சொல்லிட்டேம்மா. அது மேலேயேதான் இருந்துச்சு" என்றார்.

"கேள்விப்பட்டேன்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "குண்டு உருண்டு விழுந்துச்சே, அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரியும்ல அண்ணே?"

"தெரியும்."

"அப்போ நாலு நாளு என்ன பண்ணீங்க?"

டீ குடித்தேன். கதை சொன்னேன். பாடினேன். இதையா சொல்வது? உத்தரவு, பயம், விசாரணை என்று ஏதாவது சொல்லலாம். வாசலம்மா அதற்கு நேரம் கொடுத்துக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. பிறகு நல்ல கையால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு உள்ள வரும்போது எங்கிட்ட எதுவும் பேசிராதீங்க. பையைக் காட்டுங்க, போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மச்சான் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து காலை நீட்டியிருந்தான். செய்தி இந்தமுறையும் முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

"என்னங்க கொம்புத்துரை," என்றான் அவன், "நிஜமாவே எடுக்கலையாமே?"

"அதைத்தானே அஞ்சு நாளாச் சொல்றேன்."

"சொன்னீங்க, சொன்னீங்க. நாங்கதான் உங்களைப் பெரிய ஆளுன்னு நினைச்சிட்டோம்." எழுந்து சோம்பல் முறித்தான். "நாலு பேர்கிட்ட வேற பெருமையாச் சொல்லித் தொலைச்சுட்டேன். வரேன்க்கா." போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மகள் உள்ளறையில் போனைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் சுவரோரம் உட்கார்ந்தார். பிறகு அவள் திரும்பாமலேயே கேட்டாள்.

"ஆறு வருஷமா அது அங்கேயேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"தினம் ஏணியில ஏறி நீங்கதான் துடைச்சீங்க?"

"ஆமா."

"அதைப் போலின்னு ஊரே நம்பிச்சு. எடுத்துட்டு வேற ஒண்ணு செஞ்சு மாட்டியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஒருத்தருக்கும்."

இதற்கு அவர் ஆமா சொல்லவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அதை யோசித்தார். உண்மைதான். எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரம் காலைகள் இருக்கும். கை நீட்டினால் கிடைக்கிற தூரம். அவருக்கு ஒரு நாள்கூட அது தோன்றியதில்லை. தூரிகையின் எந்தப் பக்கத்தால் நார் ஓட்டம் கலையாமல் துடைப்பது என்றுதான் யோசித்திருக்கிறார்.

அவள் இப்போது திரும்பி நின்றாள். "ஒரு தடவையாச்சும் நினைச்சீங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கடைசியாக எதையோ தேடிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். இல்லை என்று சொன்னால் அந்த முகம் எப்படிச் சாத்திக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்தது.

"நினைக்காம இருப்பேனா?" என்றார். "நாலஞ்சு தடவை. திருகாணி வரைக்கும் கையைக் கொண்டுபோயிட்டேன். பயம் வந்துருச்சு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அதானே பார்த்தேன்" என்றாள். முகம் லேசாகத் தளர்ந்தது. "பயந்தாங்கொள்ளி. எனக்குத் தெரியாதா உங்களை." அதில் இளக்காரம் இருந்தது. ஆனால் ஒரு மனுஷனிடம் பேசுகிற இளக்காரம்.

தட்டை எடுத்து வைத்து, ஆறிப்போனதைச் சுட வைத்துப் பரிமாறினாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.